கிறிஸ்துமஸ் மரத்து ஜிகினா: முதன்முறை கட்டுகிறவர்களுக்கு

கிறிஸ்துமஸ் மரத்துக்கென்று வாங்குகிற சாமான்களில் விலை குறைந்தது ஜிகினாதான். அதனாலேயே அதை யாரும் யோசித்து வாங்குவதில்லை, யோசித்துக் கட்டுவதும் இல்லை. பாக்கெட்டைப் பிரித்து, மரத்தின் இடுப்பில் நாலு சுற்றுச் சுற்றி, மிச்சத்தைக் கிளைக்குள் செருகிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். மரம் பளபளக்கத்தான் செய்கிறது. ஆனால் கயிறு போட்டு இறுக்கிக் கட்டிவைத்த மூட்டை மாதிரியும் தெரிகிறது. ஜிகினா எதற்காக மரத்தில் ஏறியது, அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் இந்தக் குறை தானாகச் சரியாகிவிடும். முதன்முறையாக மரம் அலங்கரிக்கப் போகிறவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

அடிப்படையான ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜிகினா தானாக ஒளிர்வதில்லை. தன்மேல் விழும் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவது மட்டுமே அதன் வேலை. ஆகவே அதை மணி, பொம்மை, கண்ணாடிக் குண்டு வரிசையில் சேர்க்காமல் விளக்கோடு சேர்த்து நினைக்க வேண்டும். விளக்கு இருக்கும் இடத்தில்தான் அதற்கு வேலை. வெளிச்சம் எட்டாத மூலையில் அது சாம்பல் நிறப் பிளாஸ்டிக் துண்டு, அவ்வளவுதான். கீழே வரும் யோசனைகள் எல்லாமே இந்த ஒன்றிலிருந்து பிறந்தவை.

இரண்டு வகை உண்டு

நம் ஊர் ஃபேன்சி ஸ்டோர்களில் ஜிகினா என்று கேட்டால் பெரும்பாலும் மாலையைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். நடுவில் ஒரு நூலோ மெல்லிய கம்பியோ ஓட, அதைச் சுற்றிப் பளபளப்பான கீற்றுகள் நாலாபக்கமும் விரிந்து நிற்கும். கிறிஸ்துமஸுக்கு வாங்கியது பிறந்தநாள் வீட்டுக்கும், ஆயுத பூஜைக்கு வண்டியின் முகப்புக்கும்கூடப் போய்ச் சேரும்.

இன்னொரு வகை தனி இழை. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அகலத்தில், ஒன்றரை அடி நீளம் வரை இருக்கும் ஒற்றைக் கீற்று. ஒரு கட்டுக்கு நூற்றுக்கணக்கில் வரும். ஜெர்மானியர்கள் லமெட்டா என்பார்கள், அமெரிக்கர்கள் ஐசிக்கிள் என்பார்கள். குளிர்நாடுகளில் கூரை விளிம்பிலிருந்து உருகிச் சொட்டும் நீர் அப்படியே உறைந்து, கூர்மையான பனித் தாரையாக நீண்டு தொங்கும். மரத்தில் தொங்கும் இழை அந்தத் தாரையைக் காட்டுவதற்காக வந்தது. அதனால்தான் அது செங்குத்தாகத் தொங்க வேண்டும் என்பதில் பழைய ஆட்கள் அத்தனை பிடிவாதமாக இருந்தார்கள். சுருண்டு கிடந்தால் அது பனித் தாரை அல்ல.

இரண்டையும் ஒரே மரத்தில் பயன்படுத்தலாம். ஆனால் வேலை வேறு. மாலை மரத்துக்குக் குறுக்காக ஓடிக் கண்ணைச் சுற்றிவரச் செய்கிறது. இழை மேலிருந்து கீழாக விழுந்து, கிளைக்கும் கிளைக்கும் நடுவில் இருக்கும் இருட்டை நிரப்புகிறது.

மினுமினுப்பு எங்கிருந்து வருகிறது

ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை மரத்தடியில் வைத்தால் விளக்கு ஒரே ஓர் இடத்தில் தெரியும். அதே கண்ணாடியை நூறு கீற்றாக நறுக்கி, ஒவ்வொன்றையும் வெவ்வேறு கோணத்தில் தொங்கவிட்டால், நீங்கள் எங்கே நின்றாலும் ஏதாவது சில கீற்றுகள் விளக்கை உங்கள் கண்ணுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். ஜிகினா செய்வது இதுதான். கீற்று தட்டையாக இருப்பதால் ஒளியைச் சிதறவிடாமல் ஒரே திசையில் கூர்மையாகத் திருப்புகிறது. மெல்லிசாக இருப்பதால் சிறு காற்றுக்கே திரும்புகிறது. திரும்பும்போது ஒளி உங்கள் கண்ணைத் தொட்டுவிட்டு விலகுகிறது. இந்தத் தொடுதலும் விலகலும்தான் மினுமினுப்பு. அசையாத இழை பளபளக்கும், ஆனால் மினுங்காது.

ஐரோப்பாவில் மரத்துக்கு மெழுகுவத்தி ஏற்றிய காலத்தில் இந்த அசைவு தானாகவே கிடைத்தது. கிளைதோறும் எரியும் சுடர் காற்றைச் சூடாக்கும், சூடான காற்று மேலே ஏறும், அந்த ஓட்டத்தில் மரத்து இழைகள் எல்லாம் ஓயாமல் நடுங்கும். சுடரும் ஆடும், இழையும் ஆடும். தாமஸ் எடிசனோடு வேலை பார்த்த எட்வர்ட் ஜான்சன் 1882ஆம் ஆண்டு நியூயார்க்கில் தன் வீட்டு மரத்தில் சிவப்பு, வெள்ளை, நீலம் என 80 மின்விளக்குகளைப் போட்டுக் காட்டினார். அங்கிருந்து மெழுகுவத்தி மெல்ல விடைபெற்றது. வீடுகள் தீயிலிருந்து தப்பின, அது பெரிய நன்மை. இன்றைய எல்.இ.டி. சீரியல் செட்டிலோ வெப்பம் மிகக் குறைவு. காற்று மேலே ஏறுவதில்லை, இழையும் சும்மா நிற்கும். நம் வீடுகளில் அந்த வேலையைச் சீலிங் ஃபேன் செய்துவிடும். ஒன்றாம் எண்ணில் சுழலவிட்டால் போதும். வேகம் கூட்டினால் இழைகள் பறந்து ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும்.

இன்னொரு காரியமும் இதே காரணத்தால் முக்கியம்: மரம் இருக்கும் அறையில் டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள். டியூப்லைட்டின் வெளிச்சம் அறை முழுக்கப் பரவிக் கிடப்பது. எல்லாப் பக்கத்திலிருந்தும் வெளிச்சம் வந்தால் எந்தக் கீற்றும் தனியாகத் தெரியாது. சின்னச் சின்னப் புள்ளி விளக்குகளும் சுற்றிலும் கொஞ்சம் இருட்டும் இருந்தால்தான் ஜிகினா தன் வேலையைக் காட்டும்.

நியூரம்பெர்க்கின் கம்பிக்காரர்கள்

மரத்தில் உலோகத் தகடு தொங்கவிடும் வழக்கம் மிகப் பழையது. 1605ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு குறிப்பு, ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்தார் கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்குள் ஃபிர் என்ற ஊசியிலை மரத்தை நிறுத்தி, அதில் வண்ணக் காகித ரோஜாக்களும், ஆப்பிளும், அப்பமும், மெல்லிய பொன்னிறத் தகடும், சர்க்கரைப் பண்டமும் தொங்கவிட்டதைச் சொல்கிறது. அதாவது நமக்குத் தெரிந்த மிகப் பழைய அலங்காரப் பட்டியல்களில் ஒன்றிலேயே பளபளப்புக்கு இடம் உண்டு.

வெள்ளி இழை பிறந்த ஊராகத் தெற்கு ஜெர்மனியின் நியூரம்பெர்க்கைச் சொல்வது மரபு. ஆண்டு 1610 வாக்கில் என்பார்கள். அந்த ஊரைச் சொல்வதற்கு நல்ல காரணம் இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டிலேயே அங்கே ஒரு தனித்தொழில் வேரூன்றியிருந்தது. பிரான்ஸின் லியோன் நகரத்துப் பாணியில், பொன்முலாமோ வெள்ளிமுலாமோ பூசிய செம்புக் கம்பியை மயிரிழை அளவுக்கு இழுத்து, உடைகளுக்கும் சீருடைகளுக்கும் கோயில் அங்கிகளுக்கும் சரிகை வேலை செய்யும் தொழில் அது. அந்தோணி ஃபூர்னியே என்ற கைவினைஞர் லியோனிலிருந்து வந்து 1569ஆம் ஆண்டு நியூரம்பெர்க்கில் அதைத் தொடங்கினார். பிறகு சுற்றியுள்ள ரோத், வைசன்பூர்க், ஆலர்ஸ்பெர்க் போன்ற ஊர்களுக்கும் அது பரவியது. ரோத் நகரில் இந்தத் தொழிலுக்கென்று ஓர் அருங்காட்சியகமே இருக்கிறது.

செய்முறை சொல்லச் சுலபம், செய்யக் கடினம். உலோகக் கோலை ஒரு துளை வழியாக இழுப்பார்கள். அது மெலிந்து நீளும். அடுத்து அதைவிடச் சிறிய துளை, பிறகு அதைவிடச் சிறியது. இப்படிப் பல துளைகள் தாண்டி நூல் போல ஆனதும், வழவழப்பான இரண்டு உருளைகளுக்கு நடுவே விட்டு நசுக்குவார்கள். உருண்டைக் கம்பி தட்டைக் கீற்றாகிறது. நசுக்கியவுடன் பளபளப்பு பல மடங்கு கூடிவிடும், ஏனென்றால் உருண்டையான கம்பி ஒளியைச் சிதறடிக்கும், தட்டையான கீற்று சேர்த்துத் திருப்பும்.

இதைப் படிக்கும்போதே காஞ்சிபுரம் பட்டு நினைவுக்கு வந்திருக்கும். நம் ஜரிகையும் இதே வேலைதான். வெள்ளிக் கம்பியை இழுத்து, தட்டையாக்கி, பட்டு நூல்மேல் சுற்றி, பொன்முலாம் பூசினால் ஜரிகை. இந்தியாவில் இதற்குப் பெயர்பெற்ற ஊர் சூரத். காஞ்சிபுரத்துத் தறிகளுக்கு அங்கிருந்து ஜரிகை வருகிறது. ஆக, மரத்தில் தொங்கும் ஜிகினாவும் கல்யாணப் புடவையின் கரையும் ஒரே கைத்திறனின் இரண்டு கிளைகள். நூல்மேல் சுற்றினால் ஜரிகை, சுற்றாமல் தொங்கவிட்டால் மரத்து இழை. ஜிகினாவை மலிவான சாமான் என்று ஒதுக்குகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதைத்தான்.

கிறிஸ்துமஸ் மரம் ஜெர்மனியைத் தாண்டிப் பரவியது 19ஆம் நூற்றாண்டில். விக்டோரியா ராணியும் ஆல்பர்ட் இளவரசரும் குழந்தைகளோடு மரத்தைச் சுற்றி நிற்கும் படம் 1848ஆம் ஆண்டு லண்டன் பத்திரிகை ஒன்றில் வந்த பிறகு இங்கிலாந்தின் வீடுகளில் அது பரவலாயிற்று. அமெரிக்காவிலும் வேகம் பிடித்தது. தேவை பெருகப் பெருக, சரிகைத் தொழிற்சாலைகள் மரத்துக்கென்றே இழை செய்து விற்கத் தொடங்கின.

எடைதான் எல்லாம்

வெள்ளிக்கு ஒரு குறை உண்டு. காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் பட்டால் கறுத்துப்போகும். நிலக்கரி அடுப்பு எரியும் வீட்டில், மெழுகுவத்திப் புகைக்கு நடுவில் அது எத்தனை நாள் பளபளக்கும்? விலையும் அதிகம். ஆகவே வேறு உலோகம் தேட வேண்டியிருந்தது. இங்கே எடை என்ற விஷயம் உள்ளே வருகிறது. இழை நேராகத் தொங்க அதற்குக் கனம் வேண்டும்; மினுங்க அது மெல்லிசாகவும் இருக்க வேண்டும். இரண்டும் சேர வேண்டுமானால் அடர்த்தியான உலோகம்தான் சரி.

ஒரு கன சென்டிமீட்டர் வெள்ளி சுமார் 10.5 கிராம் எடை. ஈயம் 11.3 கிராம். வெள்ளீயம் 7.3. அலுமினியம் 2.7 மட்டுமே. இன்றைய பிளாஸ்டிக் தாள் 1.4க்குப் பக்கம். இந்த எண்களை வரிசையாகப் பார்த்தாலே ஜிகினாவின் கதை முழுவதும் தெரிந்துவிடுகிறது. வெள்ளியைவிடக் கனமானதும் மிக மலிவானதும் ஈயம். மிருதுவானதும்கூட, தாள் போல உருட்டலாம், கசங்கினால் விரலால் நீவிவிடலாம். தனியாக விட்டால் மங்கிவிடும் என்பதால் மேலே வெள்ளீயப் பூச்சு கொடுத்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி இந்த ஈய இழையின் காலம். கிளையில் போட்டால் கல் கட்டியது போல் நேராக இறங்கும். ஜெர்மன் வீடுகளில் மரம் கலைக்கும்போது ஒவ்வொரு இழையாக எடுத்து, நீவி, அட்டையில் சுற்றி அடுத்த வருஷத்துக்கு வைப்பார்கள். தலைமுறை தாண்டிய இழைகளும் உண்டு.

நடுவில் போர்கள் வந்தன. முதல் உலகப் போருக்கு முன்பு ஜிகினா உற்பத்தியில் பிரான்ஸ் முன்னணியில் இருந்தது. செம்பு எல்லாம் போர்த் தளவாடத்துக்குப் போனதால் உற்பத்தி சுருங்கியது. இரண்டாம் உலகப் போரில் நடந்தது வேறு விதமானது, சொல்லவே மனம் கனக்கிறது. 1943 ஜூலை 24 இரவு, ஹாம்பர்க் நகரைத் தாக்க வந்த பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானங்கள் முதன்முறையாகக் கட்டுக்கட்டாக உலோகத் தாள் கீற்றுகளை வானத்தில் கொட்டின. ஒவ்வொரு கீற்றும் சுமார் 27 சென்டிமீட்டர் நீளம். அது ஜெர்மன் ரேடாரின் அலைநீளத்தில் சரிபாதி. அந்த நீளத்துக் கீற்று ரேடார் அலையை மிக வலுவாகத் திருப்பி அனுப்பும். ரேடார் திரை முழுக்கப் பொய் விமானங்கள் தெரிந்தன, காவல் குலைந்தது. அதையடுத்த சில நாள்களில் அந்த நகரில் பல்லாயிரம் பேர் இறந்தார்கள். வயலிலும் தெருவிலும் விழுந்து கிடந்த அந்தக் கீற்றுகளைப் பிள்ளைகள் பொறுக்கிச் சேர்த்தார்கள். கடையில் ஜிகினா கிடைக்காத அந்தக் கிறிஸ்துமஸ்களில் அவை மரத்தில் ஏறின. ஒளியைத் திருப்புவதும் ரேடார் அலையைத் திருப்புவதும் அடிப்படையில் ஒரே வேலை என்பதை அந்தப் பிள்ளைகள் அறிந்திருக்க மாட்டார்கள்.

போருக்குப் பிறகு அமெரிக்காவில் அலுமினியத்துக்குப் பெரிய மோகம் வந்தது. இழை மட்டுமல்ல, மரமே அலுமினியத்தில் வந்தது. விஸ்கான்சின் மாநிலத்தின் மானிட்டோவாக் ஊரில் 1959 முதல் செய்த 'எவர்கிளீம்' மரங்கள் பெயர்போனவை. கிளைமேல் மின்விளக்கு போட்டால் ஷாக் அடிக்கும் அபாயம் என்பதால் தரையில் ஒரு விளக்கு வைத்து, அதன் முன் வண்ணத் தட்டைச் சுழலவிடுவார்கள். மரம் முழுவதும் சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என்று நிறம் மாறும். ஜிகினாவை விளக்கோடு சேர்த்து நினைக்க வேண்டும் என்று மேலே சொன்னேனே, அதை அந்த மரங்கள் அளவுக்கு வெளிப்படையாகக் காட்டியது வேறில்லை.

ஈயம் நஞ்சு, அதிலும் குழந்தைகளின் மூளையைப் பாதிப்பது. தரையில் விழுந்த பளபளப்பான இழையைக் குழந்தை வாயில் வைக்கும் என்று தெரிந்துகொள்ள யாருக்கும் ஆராய்ச்சி வேண்டாம். அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 1971ஆம் ஆண்டு இது தேவையற்ற ஆபத்து என்ற முடிவுக்கு வந்தது. உற்பத்தியாளர்களும் இறக்குமதியாளர்களும் 1972 ஜனவரி 1க்குப் பிறகு ஈய இழையை நிறுத்திக்கொள்ளச் சம்மதித்தார்கள். ஜெர்மனியில் உலோக இழை இன்னும் சில பத்தாண்டுகள் தாக்குப்பிடித்தது. அதைச் செய்துவந்த கடைசி ஜெர்மன் தொழிற்சாலையும் ரோத் நகரில்தான் இருந்தது. 2015ஆம் ஆண்டோடு அதுவும் நிறுத்திக்கொண்டது.

இப்போது நம் கைக்கு வருவது பிளாஸ்டிக். பி.வி.சி. அல்லது பாலியெஸ்டர் தாளை வெற்றிடப் பெட்டிக்குள் ஓடவிட்டு, அலுமினியத்தை ஆவியாக்கி அதன்மேல் படியவைப்பார்கள். படியும் பூச்சு கண்ணுக்கே தெரியாத கனம். ஆனாலும் கண்ணாடி போலப் பிரதிபலிக்கும். அந்தத் தாளைக் கீற்றாக வெட்டினால் இழை. ஓரத்தில் நெருக்கமாகக் கீறி நூலோடு முறுக்கினால் மாலை. விலை மலிவு, நஞ்சும் குறைவு. ஆனால் எடை இல்லை. அதனால் வளையும், பறக்கும், கையில் ஒட்டும். கட்டிலிருந்து உருவும்போது உராய்வில் மின்னேற்றம் சேர்வதால் கீற்றுகள் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டோ விரலில் ஒட்டிக்கொண்டோ நிற்கும். குளிர்நாட்டின் வறண்ட டிசம்பரில் இது பெரிய தொல்லை. சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் அவ்வளவாக இராது.

கட்டும் முறை

வரிசை முக்கியம்: முதலில் விளக்கு, பிறகு ஜிகினா மாலை, பிறகு குண்டுகளும் பொம்மைகளும், எல்லாவற்றுக்கும் கடைசியில் தனி இழை. சீரியல் செட்டை மரத்தின் தண்டுப் பக்கமாக உள்ளே விட்டு வெளியே கொண்டுவர வேண்டும். மாலை அதற்கு வெளியே வர வேண்டும். அப்போதுதான் உள்ளிருந்து வரும் வெளிச்சம் மாலையில் பட்டுச் சிதறும். மாலையைக் கட்டிவிட்டு அதன்மேல் விளக்கைச் சுற்றினால் ஒயர்தான் கண்ணில் படும்.

எவ்வளவு மாலை வாங்குவது? நீங்களே கணக்குப் போடலாம். ஆறடி மரம், அடியில் மூன்றரை அடி அகலம், உச்சியில் கூர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி அகலம் ஒன்றே முக்கால் அடி. ஒரு சுற்றுக்குச் சராசரியாக ஐந்தரை அடி மாலை பிடிக்கும். சுற்றுக்குச் சுற்று எட்டு அங்குலம் இடைவெளி விட்டால் ஒன்பது சுற்று. ஏறக்குறைய 50 அடி. மாலை தொய்ந்து தொங்குவதற்கு இன்னும் ஆறேழு அடி. ஆக 55 முதல் 60 அடி வரை. மரத்தின் ஒவ்வோர் அடி உயரத்துக்கும் ஒன்பது, பத்தடி மாலை என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும். நம் கடைகளில் வரும் சிறு துண்டுகள் ஆறடி நீளம் என்றால் ஒன்பது, பத்து துண்டு தேவை. மெல்லிய மாலையானால் இடைவெளியைக் குறைக்கலாம். தடித்த மாலையானால் கூட்டி விடுங்கள். என்னைக் கேட்டால் தடித்த மாலையைத் தவிர்ப்பதே நல்லது. அது மரத்தை மறைத்துவிடுகிறது.

மேலிருந்து கீழே வாருங்கள். முனையை உச்சிக் கிளையில் ஒருமுறை முறுக்கிவிட்டு, சரிவாக இறக்கிக்கொண்டே சுற்ற வேண்டும். தண்டோடு ஒட்டி இழுத்துக் கட்டக் கூடாது; கிளை நுனிக்கு மூன்று நான்கு விரற்கடை உள்ளே, கிளைமேல் உட்காரவைத்து, அடுத்த கிளைக்குப் போகும் வழியில் கொஞ்சம் தொய்யவிட வேண்டும். அந்தத் தொய்வில்தான் மாலைக்கு அழகு. இறுக்கம்தான் முதல் பத்தியில் சொன்ன மூட்டைத் தோற்றத்துக்குக் காரணம். சுவரைப் பார்த்த பக்கத்துக்கு மாலை வேண்டாம். கிளையில் முனையை மாட்டித் திரும்பி வந்துவிடலாம், மூன்றில் ஒரு பங்கு மிச்சமாகும்.

தனி இழைக்குப் பொறுமை வேண்டும். இங்கே குறுக்குவழி கிடையாது. கைப்பிடியாக அள்ளி மரத்தின்மேல் வீசினால் குப்பை மாதிரிதான் விழும். இழைக் கட்டு ஒன்றை நாற்காலி முதுகில் தொங்கவிட்டு, ஒவ்வொன்றாகவோ இரண்டு மூன்றாகவோ உருவி, நடுவில் மடித்துக் கிளை நுனிமேல் போடுங்கள். இரு முனையும் சுதந்திரமாகத் தொங்க வேண்டும், கீழ்க் கிளையில் சாய்ந்து கிடக்கக் கூடாது. மேல் கிளைகளில் ஆரம்பித்து, உள்ளிருந்து வெளியே வர வேண்டும். விளக்குக்கு நேர் முன்னால் வரும் கிளைகளுக்கு இரண்டு இழை கூடுதலாகப் போடலாம். குடும்பமாக உட்கார்ந்து செய்ய ஏற்ற வேலை இது. உயரக் கிளைகளைப் பெரியவர்கள் பார்த்துக்கொள்ள, நடுக் கிளைகளைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் விடலாம். அவர்கள் போடும் இழை கோணலாக இருந்தாலும் எடுத்துத் திருத்தாதீர்கள்.

எந்த மரம் என்பதையும் பார்க்க வேண்டும். ஐரோப்பிய ஃபிர் மரத்தின் கிளை விறைப்பானது, எடை தாங்கும். நம் பக்கம் பலர் பயன்படுத்தும் சவுக்குக் கிளை அப்படியல்ல. அதன் மெல்லிய குச்சிகள் ஏற்கெனவே தொங்கும் இயல்புள்ளவை. மாலை போட்டால் சாய்ந்துவிடும். சவுக்குக்குத் தனி இழைதான் பொருத்தம். அதன் குச்சியும் கீழ்நோக்கி விழுகிறது, இழையும் கீழ்நோக்கி விழுகிறது, இரண்டும் கலந்து பார்க்க மிக அழகாக இருக்கும். நர்சரிகளில் கிறிஸ்துமஸ் மரம் என்று விற்கும் அரௌகேரியாவில் கிளைகள் அடுக்கடுக்காக, நடுவில் நிறைய இடைவெளி விட்டு வளரும். அதில் சுற்று மாலையை விட, ஒவ்வோர் அடுக்கின் விளிம்பிலும் இழைகளைத் தொங்கவிட்டால் இடைவெளி நிரம்பும். உயிருள்ள தொட்டிச் செடி என்பதால் பண்டிகை முடிந்ததும் எல்லாவற்றையும் கழற்றிவிட மறக்க வேண்டாம். பிளாஸ்டிக் மரத்துக்கு எதையும் போடலாம்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வெள்ளி நிற ஜிகினா எந்த விளக்கின் நிறத்தையும் அப்படியே திருப்பித் தரும். சிவப்பு ஜிகினா சிவப்பை மட்டுமே தரும். அதற்குப் பக்கத்தில் நீல விளக்கு வைத்தால் கறுப்பாகத்தான் தெரியும். பல வண்ண சீரியல் செட் வைத்திருப்பவர்கள் வெள்ளியை எடுங்கள். இளமஞ்சள் வெளிச்சம் தரும் ஒரே நிற விளக்கு என்றால் பொன்னிறம் நன்றாகச் சேரும். ஒரு மரத்தில் இரண்டு நிறத்துக்கு மேல் ஜிகினா வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

வீட்டில் பூனை இருந்தால்

தனி இழையை அந்த வீட்டுக்குள் கொண்டுவரவே வேண்டாம். இதில் சமரசம் கிடையாது. பூனைக்கு ஆடும் இழை இரையாகத் தெரியும், கடித்து விழுங்கிவிடும். நீளமான இழையின் ஒரு முனை நாக்கடியிலோ இரைப்பையிலோ சிக்கி, மறுமுனை குடலுக்குள் போனால், குடல் அசைய அசைய அந்த இழைமேல் சுருக்கம் சுருக்கமாகக் கூடிவிடும். குடல் சுவர் அறுபடவும் கூடும். அறுவைச் சிகிச்சை இல்லாமல் பிழைப்பது கடினம். வாயிலோ பின்பக்கமோ இழை தொங்குவதைப் பார்த்தால் இழுக்கவே கூடாது, இழுத்தால் உள்ளே வெட்டும். அப்படியே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். நாய்க்குட்டிக்கும் தவழும் குழந்தைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அவர்கள் கை எட்டும் உயரம் வரை ஜிகினாவே இல்லாமல் விட்டுவிடலாம்.

பிளாஸ்டிக் ஜிகினா இருக்கும் மரத்தில் மெழுகுவத்தி கூடாது. சீரியல் செட்டின் ஒயரில் எங்காவது தோல் உரிந்திருந்தால் அந்த செட்டைத் தூக்கிப் போடுங்கள், உலோகப் பூச்சுள்ள எதுவும் அதைத் தொடக் கூடாது. பழைய வீட்டுப் பரணிலிருந்தோ வெளிநாட்டு உறவினரிடமிருந்தோ கனமான, கசக்கினால் கசங்கியபடியே நிற்கும் இழைகள் கிடைத்தால் அவை ஈயமாக இருக்க வாய்ப்பு அதிகம். குழந்தைகள் கையில் தராமல், தொட்டபின் கை கழுவி, தனியாக மூடி வையுங்கள்.

கலைக்கும்போது

கிழக்கு ஐரோப்பாவில், குறிப்பாக உக்ரைனில், ஒரு கதை சொல்வார்கள். ஏழை விதவை ஒருத்தியின் குடிசையில் தானாக முளைத்து வளர்ந்த மரம், அலங்கரிக்கக் காசில்லை. இரவில் சிலந்திகள் அதன்மேல் வலை பின்னின. காலைச் சூரியன் பட்டதும் வலை எல்லாம் வெள்ளியும் பொன்னுமாக மாறின. இன்றும் அங்கே மரத்தில் சிலந்தி பொம்மை தொங்கவிடுவார்கள். கதையில் வரும் இழை மறுநாள் என்ன ஆயிற்று என்று யாரும் கேட்பதில்லை. நம் வீட்டு இழை விஷயத்தில் கேட்கத்தான் வேண்டும், ஏனென்றால் பிளாஸ்டிக்கும் உலோகமும் ஒட்டிக்கிடக்கும் இந்தப் பொருளை மறுசுழற்சி செய்ய முடியாது. ஆகவே வருஷாவருஷம் புதிதாக வாங்காமல் ஒருமுறை நல்லதாக வாங்கிப் பத்து வருஷம் பயன்படுத்துவதே சரி. உதிரும் மாலையை வாங்காதீர்கள். கடையிலேயே விரலால் உருவிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்ததும் மரத்தைக் கலைப்பது வழக்கம். போட்ட வரிசைக்கு நேர் எதிராக எடுங்கள்: முதலில் இழை, கடைசியில் விளக்கு. மாலையைச் சுருட்டிப் பைக்குள் திணித்தால் கீற்றுகள் மடிந்து நிரந்தரச் சுருக்கம் விழும். நீளமான அட்டையில் தளர்வாகச் சுற்றி, ஈரம் படாத இடத்தில் வைக்க வேண்டும். ஈரம் பட்டால் அலுமினியப் பூச்சு புள்ளி புள்ளியாக மங்கும். இழைகளை ஒரு பக்கமாகச் சேர்த்து, நடுவில் நூல் கட்டி, செய்தித்தாளில் நீளவாக்கில் சுருட்டி வைக்கலாம்.

உண்மையான மரமோ கிளையோ வைத்திருந்தால் ஓர் இழைகூட அதில் மிஞ்சக் கூடாது. ஜெர்மன் நகராட்சிகள் பண்டிகைக்குப் பின் தெருவில் வைக்கும் மரங்களை எடுத்துப்போய் எருவாக்கும், எரிபொருளாக்கும். ஆனால் லமெட்டா முழுவதையும் நீக்கியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பெர்லின் விலங்குக் காட்சிசாலையில் யானைகளுக்குக் கிறிஸ்துமஸ் மரம் தின்னக் கொடுப்பார்கள். யானைகள் கிளைகளை முறித்து ரசித்துச் சாப்பிடும். அதற்கு விற்காமல் மிஞ்சிய புது மரங்களை மட்டுமே ஏற்கிறார்கள். வீட்டில் அலங்கரித்த மரம் எவ்வளவு சுத்தமாகத் தெரிந்தாலும் வாங்குவதில்லை, ஏதாவது ஓர் இழை உள்ளே சிக்கியிருக்கலாம் என்பதால். உங்கள் சவுக்குக் கிளை மாட்டுத் தொழுவத்துப் பக்கமோ குப்பைக்குழிக்கோ போகப்போகிறது என்றால், அதை வெயிலில் நிறுத்தி ஒருமுறை சுற்றிப் பாருங்கள். ஒளிந்திருக்கும் இழை வெயில் பட்டதும் தானே மின்னிக் காட்டிக்கொடுக்கும். எடுத்துவிட்டுப் பிறகு போடுங்கள்.